பாட்டும் வேணும், பக்கத்து வீட்டு கதவையும் தட்டணும்: விசுவாசத்தை வாரம் பூரா வாழ சில வழிகள்

ஞாயித்துக்கிழமை கோயில்ல, அதாவது சர்ச்சுல, கை தட்டி பாடிட்டு வந்து, மதியம் கறிக்குழம்பு சாப்ட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா திங்கக்கிழமை எல்லாம் பழையபடி ஆயிடுது, இத எப்படிங்க வாரம் பூரா கொண்டுபோறதுன்னு வாலிபர் சங்கத்து பசங்க அடிக்கடி கேப்பாங்க. என்னைக் கேட்டா இதுக்கு நல்ல பாடம் பைபிள்ல அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்துல இருக்கு. பிலிப்பி ஊர்ல இயேசுவைப் பத்தி சொல்லப் போன பவுலையும் சீலாவையும் நல்லா அடிச்சு, கால தொழுமரத்துல, அதாவது கால் பூட்டுற மரக்கட்டையில, மாட்டி ஜெயில்ல போட்டுட்டாங்க, நடுராத்திரி ரெண்டு பேரும் பாடுறாங்க, மத்த கைதிங்க கேட்டுட்டு இருக்காங்க. பிரசங்கத்துல பூமி அதிர்ச்சி வந்ததும் கதவு திறந்ததும் பெருசா வரும், அதுக்கு அடுத்தது கொஞ்சம் வேகமா ஓடிரும். அதே ராத்திரி அந்த ஜெயில்காரன் அவங்க காயத்தை கழுவி, வீட்டுக்கு கூட்டிட்டு போய் சாப்பாடு போட்டு, குடும்பத்தோட சந்தோஷமா இருந்தான்னு எழுதிருக்கு. பாட்டு, காயத்துக்கு தண்ணி, சாப்பாடு, மூணும் ஒரே ராத்திரியில. கீழ நான் சொல்றது பூரா இதுக்குள்ளயே அடங்கிரும்.

மொதல்ல வீட்டு ஜெபம். பத்து நிமிஷம் போதும், முக்கா மணி நேரம் இழுத்தா பிள்ளைங்க தூங்கிரும், நாமளும் தூங்கிருவோம். பாட்டை பிள்ளைங்களே எடுக்கட்டும், சண்டே ஸ்கூல்ல ஆக்‌ஷனோட சொல்லிக் குடுத்த பாட்டா இருந்தாலும் பரவால்ல, தாத்தாவும் கை காலை ஆட்டட்டும், மறுநாளைக்கு பாட்டி கீர்த்தனை எடுக்கட்டும். ஒரு விஷயம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஜெபத்துல பிள்ளைங்களை திட்டுறது. "ஆண்டவரே, இவன் எந்நேரமும் மொபைலும் கையுமா இருக்கானே, இவனுக்கு நல்ல புத்திய குடும்"னு அம்மா கண்ணை மூடிட்டு சொல்லும்போது அந்தப் பையனுக்கு ஜெபம்னாலே கசந்துரும். அதுக்கு பதிலா அன்னிக்கு நடந்த நல்லது ஒண்ண ஆளாளுக்கு சொல்லி ஸ்தோத்திரம் சொல்லுங்க, கரண்ட் கட் இல்லாம இருந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னா சிரிப்பு வரத்தான் செய்யும், வரட்டும்.

அப்புறம் கைப்பிடி அரிசி. சோத்துக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்து தனி டப்பால போட்டு வச்சு கோயிலுக்கு கொண்டுபோற பழக்கம் நம்ம பாட்டிமாருக்கு நல்லாவே தெரியும். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில இத புஹ்ஃபாய் தாம்னு சொல்றாங்க, 1910 வாக்குல ஆரம்பிச்சது, ஊழியத்துக்கு அதுலதான் பெரிய அளவுல பணம் சேருது. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா பெரிய வசதி எதுவும் வேண்டாம், ஒரு கையும் ஒரு டப்பாவும் போதும், தினமும் அடுப்படியில நிக்கும்போதே அடுத்தவங்க ஞாபகம் வந்துரும். வீட்ல சமைக்காம ஆன்லைன்ல ஆர்டர் போடுற பார்ட்டியா, ஒவ்வொரு ஆர்டருக்கும் இருபது ரூபா உண்டியல்ல போடுங்க, மாசக் கடைசியில உடைச்சா நீங்க எவ்வளவு வெளிய சாப்பிடுறீங்கன்னும் தெரிஞ்சுரும்.

வீடு சந்திக்கிறதுலதான் நெறைய பேர் சொதப்புறாங்க, அதனால இத கொஞ்சம் விவரமாவே சொல்றேன். உடம்பு முடியாதவங்கள பாக்க பத்து பேர் படையா போகாதீங்க, ரெண்டு பேர் போதும், வர்றோம்னு முன்னாடியே ஒரு போன். கையில ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வேண்டாம், பாதி பேருக்கு சுகர் இருக்கு, அலமாரியில ஏற்கனவே நாலு பாட்டில் நிக்கும், அதுக்கு பதிலா இட்லி மாவோ பருப்புப் பொடியோ குடுத்தா பாத்துக்கிற மருமகளுக்கு ஒரு வேளை வேலை மிச்சம். சேரை கட்டில் பக்கத்துல இழுத்துப் போட்டு, அவங்க முகம் தெரியிற மாதிரி உக்காருங்க. உங்க சித்தப்பாவும் இதே வியாதியிலதான் போனாருங்குற கதை அங்க வேண்டவே வேண்டாம். அவங்களுக்கு பிடிச்ச பாட்டு எதுன்னு கேட்டு ரெண்டு சரணம் மெதுவா பாடுங்க, பேச்சு குழறிப்போன பெரியவங்க கூட பழைய கீர்த்தனை வந்தா உதட்டை அசைச்சு கூடவே வருவாங்க. ஜெபம் ரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம்தான் முக்கியமான கேள்வி, "ஏதாச்சும் வேலை இருக்கா மாமா?" லைஃப் சர்டிபிகேட் போடணும், சிலிண்டர் புக் பண்ணணும், கண்ணாடிக்கு ஸ்க்ரூ போச்சு, இப்படி ஒண்ணு கண்டிப்பா வெளிய வரும். அத முடிச்சுக் குடுங்க. ஆஸ்பத்திரின்னா ஒரு ராத்திரி நீங்க பேஷண்ட் கூட இருந்துட்டு வீட்டு ஆளை தூங்க அனுப்புங்க, அது பெரிய உதவி.

சாவு நடந்த துட்டி வீட்டுல இன்னும் கம்மியா பேசணும். "எல்லாம் தேவ சித்தம்"னு வாசல்லயே ஆரம்பிக்காதீங்க. அழுகிறவர்களுடனே அழுங்கள்னுதான் ரோமர் 12-ல இருக்கு, அழுகிறவங்களுக்கு விளக்கம் சொல்லுங்கன்னு இல்ல. பதினாறு நாள், முப்பது நாள்னு கூட்டம் கலைஞ்ச பொறவுதான் அந்த வீட்ல சாயங்காலம் ரொம்ப நீளமா இருக்கும், அப்ப போங்க.

சந்தோஷத்தையும் கவனிப்பையும் சேத்து செய்றதுக்கு திருநெல்வேலி பக்கத்துல இருக்கிற டோனாவூர் ஒரு நல்ல உதாரணம். அயர்லாந்துல இருந்து வந்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மா 1901 வாக்குல இருந்து அங்க ஆதரவில்லாத பெண் பிள்ளைங்கள சேத்து வளத்தாங்க. பல பிள்ளைங்களுக்கு பிறந்த தேதியே தெரியாது, அதனால ஒவ்வொரு பிள்ளையும் அந்த வீட்டுக்கு வந்து சேந்த நாளையே விசேஷ நாளா கொண்டாடினாங்க. சோறு போட்டதோட நிக்கல பாருங்க, நீ வந்தது எங்களுக்கு சந்தோஷம்னு பிள்ளைக்கு காட்டிருக்காங்க. உங்க தெருவுல தனியா இருக்கிற பெரியவங்க பிறந்தநாள் என்னிக்குன்னு விசாரிச்சு, ஒரு சின்ன கேக்கோட, கூட நாலு பிள்ளைங்களையும் கூட்டிட்டு போங்க.

குடுக்கிறதுல ரெண்டே விஷயம் சொல்லிருறேன். அரிசிப் பையை குடுக்கிற மாதிரி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, வலது கை செய்றது இடது கைக்கு தெரியக்கூடாதுன்னு மத்தேயு 6-ல இருக்கு, நாம முன்னூறு கான்டாக்டுக்கு தெரியப்படுத்திட்டு இருக்கோம். ஸ்கூல் ஃபீஸ்னா பிள்ளையை மேடைக்கு கூப்பிடாம நேரா ஸ்கூல் ஆபீஸ்ல கட்டிருங்க. இன்னொண்ணு, வேற மதத்துக்காரங்களுக்கு உதவும்போது அரிசியோட சேத்து நம்ம மதத்தைப் பத்தின கைப்பிரதியை திணிக்காதீங்க. பசியில இருக்கிறவங்களால வேண்டாம்னு சொல்ல முடியாது, அந்த நேரத்துல நீட்டுறது நியாயமே இல்ல. ஏன் செய்றீங்கன்னு அவங்களா கேட்டா தாராளமா சொல்லுங்க.

சில வாரம் பாடவே வராது, உள்ளுக்குள்ள காஞ்சு கெடக்கும். அப்ப சிரிச்ச முகமா நடிக்க வேண்டியதில்ல, பைபிள்ல சங்கீத புஸ்தகத்துல புலம்பலே ஏகப்பட்டது இருக்கு, 13-ம் சங்கீதம் எடுத்த எடுப்புலயே எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்னுதான் கேக்குது. அத வாசிங்க, அந்த வாரம் உங்கள பாக்க யாராச்சும் வந்தா கதவைத் திறங்க. எப்பவும் குடுக்கிற ஆளாவே இருக்கணும்னு நெனைக்கிறதுலயும் கொஞ்சம் பெருமை ஒளிஞ்சிருக்கு.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலயா, இந்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பைக்கை எடுக்க ஓடாம, வழக்கமா வர்றவங்கள்ல யாரைக் காணோம்னு ஒரு பார்வை பாருங்க. மதியம் போன் போடுங்க, எடுக்கலைன்னா சாயங்காலம் நேர்ல போயிருங்க, ஆறு மணிக்குள்ள போயிட்டா நல்லது, ஆராதனைக்கு வராத ஆளை கூட பிடிச்சிரலாம், சீரியல் ஆரம்பிச்ச பொறவு யாரும் பேச்சு குடுக்க மாட்டாங்க.