புது ஹியூமிடாரில் சுருட்டை உடனே அடுக்காதீர்கள்

புதிதாக ஒரு ஹியூமிடார், அதாவது சுருட்டைக் காயாமல் வைக்கும் மரப்பெட்டி, கைக்கு வந்ததும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: சுருட்டுகளை அடுக்கி, மூடியைச் சாத்திவிட்டு, காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானி 70 சதவீதம் காட்டுகிறதா என்று பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன். ஈரமானி முதல் நாளிலிருந்தே 70 காட்டியது, நானும் நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் சுருட்டின் மேலிலை சருகு மாதிரி, லேசாக அழுத்தினாலே பொருபொருவென்று உதிர்கிறது. காய்ந்து கிடந்த மரம் நான் வைத்த தண்ணீரையும் குடித்து, சுருட்டிலிருந்த ஈரத்தையும் உறிஞ்சியிருக்கிறது. ஈரமானியின் முள்ளோ அந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எனவே முதலில் கருவி, அடுத்து மரம், கடைசியில்தான் சுருட்டு. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். (சுருட்டு உடம்புக்குக் கேடு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இங்கே பேச்சு அதைக் கெடாமல் வைப்பது பற்றி மட்டும்.)

எந்த எண்ணைக் குறிவைப்பது?

ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பநிலை 18 முதல் 21 டிகிரி செல்சியஸ். பழைய ஆட்கள் '70/70' என்பார்கள், அதாவது 70 சதவீத ஈரம், 70 டிகிரி ஃபாரன்ஹீட். அந்த 70 ஃபாரன்ஹீட் நம் கணக்கில் 21 செல்சியஸ், யாராவது 70 டிகிரி என்றால் பயந்துவிடாதீர்கள். எனக்கு 70 கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. 65 பக்கம் வைத்தால் சுருட்டு சீராக எரிகிறது, இழுக்கவும் சுலபமாக இருக்கிறது. ஈரம் கூடினால் சுருட்டு உப்பி, மேலிலை வெடிக்கும், அடிக்கடி அணையும், இழுத்தால் புகையே வராது. குறைந்தால் வேகமாக எரிந்து, புகை சூடாகிக் காரலாக இருக்கும்.

படி 1: ஈரமானியை உப்பு வைத்துச் சோதியுங்கள்

பெட்டியோடு இலவசமாக வரும் முள் வைத்த ஈரமானி அழகுக்குத்தான். சின்னதாக ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சாதாரண சமையல் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, கரைந்தால் இன்னும் கொஞ்சம் உப்பு போடுங்கள். மூடியையும் ஈரமானியையும் ஒன்றையொன்று தொடாதபடி ஒரு ஜிப் பைக்குள் வைத்து, காற்றுப் புகாமல் மூடி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். உப்பு முழுதும் கரையாமல் ஈரமாக இருக்கும்வரை, அறை வெப்பநிலையில் அதைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்திலேயே நிற்கும். அதனால் ஈரமானியும் 75 காட்ட வேண்டும். பையைத் திறக்காமல் வெளியிலிருந்தே படியுங்கள், திறந்த மறுநொடி எண் மாறத் தொடங்கிவிடும். 71 காட்டினால் உங்கள் கருவி 4 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம், '+4' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பின்னால் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் போதும்.

படி 2: மூடி சரியாக மூடுகிறதா?

ஒரு தாளை மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டால் நல்லது, வழுவழுவென்று வந்துவிட்டால் அந்த இடத்தில் ஈரம் கசியும். இருட்டறையில் பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடிப் பார்ப்பதும் உண்டு.

படி 3: மரத்தை ஈரத்துக்குப் பழக்குங்கள்

பெரும்பாலான ஹியூமிடார்களின் உட்புறம் ஸ்பானிஷ் சீடர். பெயரில் ஸ்பெயினும் இருக்கிறது, சீடரும் இருக்கிறது, ஆனால் அது இரண்டுமே இல்லை. அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் வளரும், மஹோகனிக்கு உறவான மரம் அது. ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு காற்று காயும்போது மெல்லத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. வெறும் வயிற்றோடு இருக்கும் மரம் எப்படித் திருப்பித் தரும்? அதற்குத்தான் இந்தப் படி.

ஈரத்துணியால் மரத்தைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், ஒரே இடத்தில் தண்ணீர் பட்டால் மரம் உப்பி வளையும், அப்புறம் மூடி சேராது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டில் புது ஸ்பாஞ்சை வைத்து டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, மரத்தில் படாதபடி உள்ளே வைத்து மூடிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்புகள் படிந்துபோகும். ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், நடுவில் ஸ்பாஞ்சு காய்ந்தால் மறுபடி நனையுங்கள். இந்த வேலைக்கென்றே 84 சதவீத ஈரப்பொட்டலங்களும் (அவை பற்றி படி 4-இல்) வருகின்றன, அவற்றை வைத்து 14 நாள் மூடிவைத்தால் சரி. தினமும் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, காலிப் பெட்டியை இரண்டு நாள் மூடிவையுங்கள். எண் 70-க்குப் பக்கத்தில் நின்றால் மரம் தயார், சரசரவென்று இறங்கினால் இன்னும் தாகம் அடங்கவில்லை.

இவ்வளவு பொறுமை இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி: காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. பழக்க வேண்டிய மரமும் இல்லை, கசிவும் இல்லை. பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் புதியவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

படி 4: ஈரம் எங்கிருந்து வரப் போகிறது?

போவேடா கம்பெனியுடையது மாதிரியான இருவழிப் பொட்டலங்கள் வைத்தால் வேலை மிச்சம். உள்ளே உப்புக் கரைசல் இருக்கும், காற்று காய்ந்தால் ஈரத்தை விடும், அதிகமானால் இழுத்துக்கொள்ளும். சுமார் 25 சுருட்டு கொள்ளும் இடத்துக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று என்பது கணக்கு, இப்போது உள்ளே எத்தனை இருக்கிறது என்பதை வைத்து அல்ல, பெட்டியின் கொள்ளளவை வைத்து. மரப்பெட்டி கொஞ்சம் கசியும் என்பதால் அதற்கு 69 சதவீதப் பொட்டலம், பிளாஸ்டிக் டப்பாவுக்கு 65 எடுங்கள். பொட்டலம் முழுதும் விறைத்துக் கட்டியானால் மாற்றுங்கள். ஸ்பாஞ்சு வைத்த பழைய ஈரமூட்டி என்றால் டிஸ்டில்டு வாட்டரும் புரொப்பிலீன் கிளைகால் என்ற திரவமும் சரிபாதி கலந்து ஊற்றுவார்கள். அந்த ஈரமூட்டியும் பொட்டலமும் ஒரே பெட்டியில் வேண்டாம், ஒன்று விடுவதை மற்றொன்று இழுத்துச் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

படி 5: இப்போதுதான் சுருட்டு

முக்கால் பெட்டிக்கு மேல் திணிக்காதீர்கள், காற்று நடமாட இடம் வேண்டும். மேலே சுற்றிய செல்லோஃபேன் இருக்கலாம், கழற்றவும் செய்யலாம், ஈரம் அதன் வழியே மெதுவாகப் போய்வரும். வாசனை சேர்த்த சுருட்டுகளுக்குத் தனி டப்பா, இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மணம்தான். ஈரமானியை ஈரமூட்டியை ஒட்டி வைக்காமல் தள்ளி வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரம், சூடு கக்கும் சாதனங்களின் மேல், இரண்டும் வேண்டாம். மூடியைத் திறந்ததும் எண் விழத்தான் செய்யும், மூடிவிட்டு சில மணி நேரம் கழித்துப் பார்த்து முடிவுக்கு வாருங்கள். இன்றைக்கு 66, நாளைக்கு 68 ஆனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

தப்பு நடந்தால்

காய்ந்த சுருட்டை அவசரப்பட்டு அதிக ஈரத்தில் போட்டால் வெளி இலை முதலில் உப்பி வெடிக்கும். 62-இல் சில வாரம், பிறகு 65 என்று மெல்ல ஏற்றுங்கள். உள்ளே எண்ணெய் வற்றிப்போயிருந்தால் பழைய ருசி முழுதாகத் திரும்பாது.

மேலே பச்சையாகவோ நீலமாகவோ பஞ்சு மாதிரி எதுவும் தெரிந்தால் அது பூஞ்சை, அந்தச் சுருட்டை எறிந்துவிட்டு மற்றவற்றைப் பிரித்து வையுங்கள். வெள்ளைப் பொடியைப் பார்த்து 'முதிர்ந்த சுருட்டில் பூத்த பூ' என்று பெருமைப்படுபவர்கள் உண்டு, பெரும்பாலும் அதுவும் பூஞ்சைதான்.

எல்லாவற்றையும்விட மோசமானது புகையிலை வண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் பழுப்பு வண்டு, முட்டை சுருட்டுக்குள்ளேயே வந்துவிடும், வெப்பம் 24, 25 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கும் ஆபத்து அதிகம். ஊசியால் குத்தியதுபோல் வட்டமான ஓட்டை தெரிந்தால் ஓட்டை விழுந்ததை எறியுங்கள். மற்றவற்றை இரட்டை ஜிப் பையில் போட்டு ஒரு நாள் ஃபிரிட்ஜ், மூன்று நாள் மைனஸ் 18-இல் ஃபிரீசர், திரும்ப ஒரு நாள் ஃபிரிட்ஜ், அப்புறம் வெளியே. நேராக ஃபிரீசருக்குப் போனால் மேலிலை வெடிக்கும். பெட்டியைக் காலிசெய்து, மூலை முடுக்கெல்லாம் வேக்குவம் போட்டுத் தூசியை எடுத்து, சில நாள் திறந்து வையுங்கள். அதற்குள் மரம் காய்ந்திருக்கும், மறுபடி மூன்றாம் படியிலிருந்துதான்.