திருமலையில் (திருகோணமலையில்) விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவது எப்படி?

ஆட்டோ கண்ணாடியில் சிலுவை ஸ்டிக்கர் ஒட்ட ஐந்து நிமிடம் போதும். நானும் ஒட்டியவன்தான். ஆனால் அதே ஆட்டோவில் நிலாவெளிக்குப் போகும் வெளியூர்க்காரரிடம் இரட்டிப்புக் காசு கேட்டால், அவர் மனதில் ஸ்டிக்கரும் சேர்ந்தே பதியும். அதனால் காசு விஷயத்தில் இருந்து தொடங்குங்கள். மீன் விற்பவர் என்றால் தராசு, கடைக்காரர் என்றால் மிச்சக் காசு, கடன் வாங்கியவர் என்றால் சொன்ன தேதி. வேதாகமத்தில் லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சரியான தராசைப் பற்றியே நேராகப் பேசுகிறது.

மத்தேயு 5இல் வெளிச்சம் மனுஷர் முன் பிரகாசிக்கட்டும் என்று இருக்கிறது, அடுத்த அதிகாரமே தர்மத்தை மறைவாகச் செய்யச் சொல்கிறது. குழப்பமா? நான் பார்ப்பது ஒன்றுதான்: புகழ் கடவுளுக்கா, எனக்கா? உலர் உணவுப் பொதி கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

வேலையிடத்தில் சாப்பிடுமுன் சுருக்கமாக ஜெபியுங்கள், மற்றவரைக் காக்க வைக்காமல். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளியில் ஏன் இறைச்சி வேண்டாம் என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்லுங்கள், பிரசங்கம் வேண்டாம். பக்கத்து வீட்டில் ரமழான் நோன்பு என்றால் அந்த நேரம் உங்கள் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பொங்கல் வந்த பாத்திரத்தை நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) கேக்கோடு திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், எல்லார் முன்னும் கோபப்பட்டுக் கத்தினால் மன்னிப்பையும் எல்லார் முன்னுமே கேளுங்கள். எனக்கு இதுதான் இன்னும் கஷ்டம்.