கியர் விழவில்லையா? கியர் பாக்ஸை இறக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

கியர் இறுக்கமாக விழுந்தால் உடனே கியர் பாக்ஸ் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் கோளாறு கிளட்ச் பக்கம்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் கியர் பாக்ஸை இறக்கச் சொல்வது வீண் செலவு.

1. கிளட்ச் பெடலுக்கு அடியில் பாருங்கள். மேட் மடிந்து சிக்கியிருந்தால் பெடல் முழுதாகக் கீழே போகாது.

2. காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போடுங்கள். ஏதாவது கியர் முட்டினால் கிளட்ச்சை விட்டு மறுபடி மிதித்துப் போடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கால் பிரேக்கையும் மிதித்தபடி அதையே செய்யுங்கள். அணைந்திருக்கும்போது லேசாக விழுந்து, ஓடும்போது மட்டும் இறுகினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இரண்டு நிலையிலும் இறுகினால் கியர் கேபிள், அதன் முனையில் உள்ள புஷ், கியரை நகர்த்தும் செலக்டர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. உறுதிப்படுத்த ரிவர்ஸ் உதவும். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ, அதாவது கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. அவசரப்பட்டுப் போட்டால் நல்ல காரிலும் கரகரக்கும். எனவே கிளட்ச்சை மிதித்து 5 விநாடி பொறுத்துப் போடுங்கள். அதற்குள் உள்ளே சுற்றும் ஷாஃப்ட் நின்றிருக்க வேண்டும். அப்போதும் கரகரத்தால் சந்தேகமே வேண்டாம், கிளட்ச்தான்.

4. கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் பிரிந்திருக்கிறதா, பெடலில் வெற்று ஆட்டம் கூடிவிட்டதா என்று பாருங்கள். சரியான அளவு கார் கையேட்டில் இருக்கும். அதற்கேற்ப நட்டைத் திருகினாலே பல நேரம் சரியாகிவிடும். ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) கிளட்ச் என்றால் பெடலை நான்கைந்து முறை வேகமாக மிதித்துவிட்டுக் கியர் போடுங்கள். இப்போது விழுந்தால் லைனில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பெடல் பக்கம் உள்ள மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் இவற்றில் ஒன்றில் சீல் போயிருக்கலாம். கசிவைச் சரிசெய்யாமல் ஏர் மட்டும் எடுத்தால் கோளாறு திரும்ப வரும். திரவத் தொட்டியின் மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 திரவத்தை மட்டும் ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

5. ஒரே ஒரு கியர், பெரும்பாலும் இரண்டாவது, கரகரக்கிறதா? நியூட்ரலில் கிளட்ச்சை ஒருமுறை விட்டு, மறுபடி மிதித்துப் போடுங்கள். சத்தம் குறைந்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. இதற்குத்தான் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

6. கியர் ஆயிலையும் மறக்காதீர்கள். வடிக்கும் முன், ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். வடித்த பிறகு அது கழலவில்லை என்றால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். கையேடு ஜிஎல்-4 தர கியர் ஆயில் என்றால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அரிக்கக்கூடும். வடித்த ஆயிலில் பொன்னிறத் துகள் மின்னினால் ரிங் தேய்கிறது என்று பொருள். காந்த போல்ட்டில் ஒட்டிய சாம்பல் நிறப் பசை சாதாரணமானது.

ஓடும்போதே கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், எஞ்சின் மவுண்ட்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மலைப்பாதைக்கு எடுத்துப் போகாதீர்கள். இறக்கத்தில் கியர் கழன்றால் எஞ்சின் பிடிமானம் போய், முழுச் சுமையும் பிரேக் மேல் விழும்.