தொங்கு சட்டமன்றமா? கூட்டாதீர்கள், கழித்துப் பாருங்கள்

வாக்கு எண்ணும் நாளில் நீடாமங்கலம் டீக்கடை டிவி முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் கட்சிகளின் இடங்களைக் கூட்டிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் விவசாயிகள் சங்கத்துப் பிள்ளைகளுக்கு நான் கழிக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

தமிழ்நாட்டில் 234 இடம், பெரும்பான்மைக்கு 118. அது எந்தக் கட்சிக்கும் தனியாகக் கிடைக்காவிட்டால் தொங்கு சட்டமன்றம். 2006-இல் ஆட்சி அமைத்த தி.மு.க. கூட்டணியின் முடிவை ஒரு தாளில் எழுதுங்கள்: தி.மு.க. 96, காங்கிரஸ் 34, பா.ம.க. 18, மார்க்சிஸ்ட் 9, இந்திய கம்யூனிஸ்ட் 6. மொத்தம் 163. இனி ஒவ்வொருவராக எடுங்கள். காங்கிரஸ் போனால் 129 மிஞ்சும். பா.ம.க.வும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து போனால் 130. எந்த ஒரு கட்சியாலும் தனியாகக் கவிழ்க்க முடியாது. பின்னாளில் பா.ம.க.வும் இடதுசாரிகளும் கூட்டணியை விட்டுப் போனார்கள். ஆட்சி 2011 வரை நின்றது. டெல்லியில் அப்படி இல்லை. 18 எம்.பி.க்கள் வைத்திருந்த அ.தி.மு.க. விலகியதும் 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசுக்கு 269, எதிராக 270. ஒரு ஓட்டில் போயிற்று.

அடுத்தது ஆதரவுக் கடிதம். பேட்டியில் சொன்னதை நம்பாதீர்கள். ஆளுநர் கைக்குப் போன கடிதம்தான் கணக்கு. அமைச்சரவையில் சேர்கிறார்களா, வெளியிலிருந்து ஆதரவா என்று பாருங்கள். தேர்தலுக்கு முன்பே சேர்ந்த கூட்டணியை முதலில் அழைக்கலாம் என்றது மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன். பெரும்பான்மையை ராஜ்பவனில் அல்ல, சபையில்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1994-இல் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அமைச்சர்கள் சபையின் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நமக்கு முதல்வரோடு சேர்த்து 35 பேர். இழுபறி இங்கேதான். யாருக்கு எத்தனை என்பதைவிட நீர்வளம், உணவு, கூட்டுறவு யாரிடம் போகிறது என்று நான் பார்ப்பேன். தூர்வாருவதும், கொள்முதல் நிலையத்தில் நெல் நனையாமல் எடுப்பதும், பயிர்க்கடனும் அந்த மூன்றில்தான் இருக்கின்றன.

கூட்டணிக் கட்சிகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட குறைந்தபட்சப் பொதுத்திட்டம் வெளியிட்டால் முழுக்கப் படியுங்கள். 2004-இல் மத்தியில் இடதுசாரிகள் வெளியிலிருந்து தாங்கிய அரசின் திட்டத்தில் கிராமத்து வேலைக்கு உறுதி எழுதியிருந்தது. 2005-இல் அது சட்டமாயிற்று. நம் ஊர் நூறு நாள் வேலை அப்படி வந்ததுதான். காவிரி பற்றி வெறும் அக்கறை எழுதியிருந்தால் போதாது. எந்தத் துறை, எந்தத் தேதிக்குள் என்று இருக்கிறதா என்று உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்.

நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் மறுபடி கணக்குப் போடுங்கள். வந்திருந்து ஓட்டுப் போடுகிறவர்களில்தான் பெரும்பான்மை வேண்டும். ஒரு கட்சியின் 20 பேர் வெளிநடப்பு செய்தால் மிச்சம் 214. ஆதரவாக 108 பேர் இருந்தாலே அரசு பிழைக்கும்.