மூலமா, வெடிப்பா? மலத்தில் இரத்தம் கண்டால் பார்க்க வேண்டியவை

மலத்தோடு இரத்தம் போனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: மூலம். நானும் அப்படியே நம்பி, பார்மசியில் வாங்கிய மூலக் களிம்பை நான்கு மாதம் பூசினேன். எனக்கு இருந்ததோ ஆசனவாய் வெடிப்பு, அதாவது ஆசனவாய்த் தோலில் விழும் கீறல். ஹட்டன் நகருக்குப் பஸ் ஏறிப் போனபோது வைத்தியர் முதலில் கேட்டது, "வலி எப்போது வருகிறது?" என்பதைத்தான்.

நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள். மலம் கழிக்கும்போது கண்ணாடிச் சில்லு கீறுவதுபோல் வலித்து, பிறகும் நெடுநேரம் எரிந்தால் பெரும்பாலும் வெடிப்பு. வலியே இல்லாமல் சிவப்பாகச் சொட்டினால் உள்மூலமாக இருக்கலாம். திடீரென்று நீலம் பாய்ந்த கட்டி தோன்றி வலித்தால், வெளிமூலத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். விடாமல் விண்விண்ணென்று தெறித்து, வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் சீழ்க்கட்டி. அதற்குக் களிம்பு உதவாது. அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அடுத்து இரத்தத்தைப் பார்க்க வேண்டும். நான் கோட்டை விட்டது இங்கேதான். நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். ஒரு வாளி ஊற்றியதும் எல்லாம் போய்விடும். எவ்வளவு, என்ன நிறம் என்று வைத்தியர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. கழுவுவதற்கு முன் வெள்ளைப் பருத்தித் துணியால் மெதுவாக ஒற்றிப் பாருங்கள். லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) மலசலகூடத்தில் வெளிச்சம் போதாது. டோர்ச் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றுமுன் மலத்தையும் பாருங்கள். இரத்தம் மேலே கோடாக இருக்கிறதா, உள்ளே கலந்திருக்கிறதா? கலந்திருந்தாலோ, சளி போனாலோ, மலம் போகும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலோ, உடல் மெலிந்தாலோ மூலம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெருங்குடல் புற்றுநோயும் இப்படித் தெரியவரலாம். தார்போன்ற கறுப்பு மலம் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வெடிப்புக்கு எனக்குக் கைகொடுத்தது அகன்ற பிளாஸ்டிக் பேசின். இளஞ்சூட்டு நீரில் 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று முறை உட்கார்ந்தேன். கோதுமை ரொட்டியைக் குறைத்து, கீரையும் பப்பாசியும் சேர்த்தேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள். கொழுந்து மலையில் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுவதும் தண்ணீரைத் தவிர்க்கும் அக்காமாரை நினைத்தால் மனம் கனக்கிறது; மலம் இறுகுவதற்கு அதுவே போதும். 6 வாரத்தில் ஆறாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்; அவர் எழுதித் தரும் களிம்பு மூலக் களிம்பு அல்ல, வேறு. கடையில் நீங்களாகத் தெரிவு செய்யாதீர்கள்.

பின்சேர்க்கை: பேசின் நீரில் கிருமிநாசினி கலக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், புண் இன்னும் எரியும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரை குடிக்கும் கர்ப்பிணிகளுக்கும் மலம் கறுக்கும். ஆனால் அது பிசுபிசுப்பாகக் கடும் நாற்றத்துடன் போனால், மாத்திரையின் மேல் பழியைப் போடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.