ஜாஸ் மாஸ்டருக்கு நினைவுக் கச்சேரி வைப்பது எப்படி

எங்கள் சாக்ஸபோன் மாஸ்டர் கோயம்புத்தூர் போத்தனூர்க்காரர். கல்யாண ரிசப்ஷன்களில் வாசித்துச் சம்பாதித்தார், வீட்டுத் திண்ணையில் ஜாஸ் சொல்லிக்கொடுத்தார். அவர் போனபின் நினைவுக் கச்சேரிப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்திருந்தால் இது உதவும்.

முதலில் தேதி. கருமாதி முடியும்வரை வீட்டாரிடம் பேச்சையே எடுக்காதீர்கள். அப்புறம் ஆடியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் பாருங்கள். "ஆடியிலயாங்க?" என்று சொந்தக்காரர்கள் இழுப்பார்கள். ஆனால் வாசிப்பவர்களில் பாதிப்பேர் கல்யாணத்தை நம்பிப் பிழைப்பவர்கள். முகூர்த்த நாளில் கூப்பிட்டால் எவரும் வர முடியாது. ஆடிக்கு ஒரே தொல்லை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மொட்டை மாடியில் வைத்தால் நோட்ஸ் தாளைச் சிங்காநல்லூரில்தான் பொறுக்க வேண்டும். துணி காயப்போடும் கிளிப் ஒரு பாக்கெட் வாங்கிவிடுங்கள். ஸ்பீக்கர் கட்டினால் போலீஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்குள் முடித்தாக வேண்டும்.

அடுத்தது மாஸ்டர் வீட்டில் கிடக்கும் கேசட்டுகள், அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், வீட்டைக் காலி செய்யும்போது முதலில் பழைய கடைக்குப் போவது அவைதான். பல வருஷம் கிடந்த கேசட்டை எடுத்த எடுப்பில் ஓட்டாதீர்கள். கடைசிவரை ஒருமுறை முன்னால் ஓட்டி, மறுபடி பின்னால் சுற்றிவிட்டு வையுங்கள். பிளேயரில் டேப் உரசும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். வேவ் கோப்பாகச் சேமியுங்கள், எம்பி3 அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். 90 நிமிஷக் கேசட்டுக்கு 90 நிமிஷம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொடுங்கள்.

கச்சேரிப் பதிவைவிடப் பாடம் நடந்த பதிவு கிடைத்தால் அதுதான் பொக்கிஷம். எங்களுக்கு ஒன்று கிடைத்தது. ஒரு பையன் மூச்சு விடாமல் வாசித்துத் தள்ளுகிறான், பின்னால் பிரஷர் குக்கர் விசில். மாஸ்டர் குரல்: "ஏங்கண்ணு, பஸ்ஸு போயிருமா? கொஞ்சம் இடம் உட்டு வாசி." அந்த ஒரு வரியில் அவர் பாடம் மொத்தமும் இருக்கிறது. அன்றைக்கு ஏதாவது போட்டுக் காட்டுவதென்றால் அதைப் போடுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் கஷ்டமான உருப்படி வேண்டாம். பழைய மாணவர்கள் பலர் இப்போது மில்லிலும் பேங்கிலும் இருப்பார்கள், விரல் ஓடாது. பி பிளாட் சுருதியில் 12 பார் புளூஸ் போதும், பாருக்கு நாலு தட்டாக 12 பார் திரும்பத் திரும்பச் சுற்றி வரும் எளிய வடிவம் அது. சாக்ஸபோனில் வகைக்கொரு சுருதி, அதனால் ஆல்ட்டோ வைத்திருப்பவர் ஜி-யில், டெனர் வைத்திருப்பவர் சி-யில் வாசிக்க வேண்டும். இதைத் தாளிலேயே பெரிதாக எழுதிக்கொடுங்கள். நிமிஷத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 24 வினாடி. ஆளுக்கு 2 சுற்று என்றால் 20 பேர் 16 நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். மாஸ்டர் நினைவாக ஒரு சுற்றைச் சும்மா விடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், டிரம்ஸ்காரர் அதையும் நிரப்பிவிடுவார்.

துக்கமும் ஆட்டமும் சேரலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் ஜாஸ் பிறந்த அமெரிக்க ஊரான நியூ ஆர்லியன்ஸைச் சொல்லுங்கள். அங்கே பேண்டு சவத்தோடு மெதுவான பக்திப் பாட்டு வாசித்துப் போகும், அடக்கம் ஆனதும் துள்ளலுக்கு மாறும், கூட்டம் பின்னால் ஆடிக்கொண்டு வரும். தப்பட்டை கேட்டு வளர்ந்த நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மெட்டுப் போடத் தெரிந்த மாணவர் இருந்தால் புதிதாக ஒன்று போடச் சொல்லுங்கள். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் 1959 மார்ச்சில் இறந்தார். ஜாஸ் இசையமைப்பாளர் சார்லஸ் மிங்கஸ் அவருக்காகப் போட்ட மெட்டு மே மாதமே பதிவாகிவிட்டது.

பேச்சாளர் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மைக்கை விடாத பிரமுகரைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போடுங்கள், கூட்டமே பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்பு சாதம், நெய், தயிர், அப்பளம்.

அவருடைய சாக்ஸபோனை மேடையில் வைக்க ஆசைப்படுவீர்கள். வீட்டாரைக் கேட்டு வையுங்கள், மாலை மட்டும் போடாதீர்கள். ஈரம் பட்டால் துளைகளை மூடும் தோல் பேடு கெட்டுவிடும். ஊதும் மவுத்பீஸில் பழைய ரீட், அதாவது அதிரும் நாணல் பட்டை, இருந்தால் கழற்றித் தனியாக எடுத்து வையுங்கள்.

வசூலில் மீந்ததற்கு புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்ற இரண்டாம் நம்பர் ரீட் பெட்டிகள் வாங்கி, இப்போது கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பேங்கில் போட்டால் அடுத்த வருஷம் கணக்குக் கேட்டு இரண்டு அணி உருவாகும்.