இட்டேரிக்கு லிப்டா, டயரா?

காங்கேயத்துக்குத் தெக்கால எங்க தோட்டம். ரோட்டை விட்டு இறங்கினா சாளை (தோட்டத்து வீடு) வரைக்கும் இட்டேரிதான், அதாவது வேலிக்கு நடுவுல போற மண் தடம். டிராக்டர் ஓடி ஓடி ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல மேடு. என்னோட பழைய மஹிந்திரா தார், பின் டிஃபரன்ஷியலை (பின் ஆக்ஸில் நடுவுல இருக்கற கியர் உருண்டை) அந்த மேட்டுல உரசிக்கிட்டேதான் போகும்.

"ரெண்டு இன்ச் லிப்ட் போட்டு வண்டியைத் தூக்கிருங்ணா"ன்னார் ஒர்க்‌ஷாப் தம்பி. அடியில படுத்துப் பாத்தேன். லிப்ட் தூக்குறது சேஸையும் (அடிச்சட்டம்) பாடியையும்தான். பின் ஆக்ஸில் இருந்த மட்டத்துலயே நிக்கும். அது ஏறணும்னா டயர் பெருசாகணும். முன்னாடி டார்ஷன் பாரை (ஸ்பிரிங் வேலை பாக்கற கம்பி) முறுக்கித் தூக்கினா, சக்கரத்தைச் சுத்தற டிரைவ் ஷாஃப்ட்டோட கோணம் கூடி, அதோட ரப்பர் உறை (பூட்) சீக்கிரம் கிழியும், அது வேற.

கம்பெனி டயர் 235/70 ஆர்16, விட்டம் சுமார் 735 மி.மீ. 245/75 ஆர்16 போட்டா 774. அதுல பாதிதான் உயரம்: 19 மி.மீ. கேக்க அற்பம்தான், ஆனா உரசல் நின்னுபோச்சு. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு, ஒரு சக்கரத்தைத் திண்டு மேல ஏத்தி, எங்கயும் இடிக்கலைன்னு பாத்துட்டுத்தான் காசு குடுத்தேன். ஸ்பீடோமீட்டர் 80 காட்டினா நிஜம் 84.

மச்சான், சேத்துக்குன்னே பெரிய பட்டன் வச்ச எம்.டி. (மட் டெரைன்) டயர்தான் கெத்துன்னார். டீசல் அவரா அடிக்கிறாரு? முக்காவாசி ஓட்டம் தார்ரோட்டுல, ரோடு, மண்ணு ரெண்டுக்கும் ஆகற ஏ.டி. (ஆல் டெரைன்) போதும். உடுமலைப் பக்கத்துக் கரிசல் நனைஞ்சா மட்டும் ஏ.டி. பட்டன்ல சேறு அப்பி வழுக்கும். அங்க தோட்டம் இருக்கறவங்க எம்.டி. போடலாம். நான் அந்தப் பக்கம் போனா காத்தை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிக்குவேன்; ரோடு ஏறுனதும் சின்ன கம்ப்ரசர்ல திரும்ப அடிச்சுக்கறது.